வராத சுழல்கள்: ஓர் உருளையும் இயற்பியல் கற்ற நியூரல் நெட்வொர்க்கும்

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி சிமுலேஷன் மென்பொருள்களுக்கு வேலை இருக்காது என்ற பேச்சு பொறியியல் வட்டாரத்தில் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடைபோட நூறு ஆய்வுக்கட்டுரைகளைப் புரட்ட வேண்டியதில்லை, ஓர் உருளை போதும். ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் உருளையை வைத்து 2019-ல் ஒரு குழு, இயற்பியல் சமன்பாடுகளை ஊட்டிய ஒரு நியூரல் நெட்வொர்க்கால் ஒரு வெற்றியைக் காட்டியது. 2022-ல் வேறொரு குழு கிட்டத்தட்ட அதே உருளையை, அதே வகை நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டு, நினைத்தது நடக்கவில்லை என்று அறிக்கை எழுதியது. இரண்டு முடிவுமே சரியானவை. இரண்டு குழுவும் நெட்வொர்க்கிடம் கேட்ட கேள்விதான் வேறு.

உருளை எதற்கு?

ஓடும் நீரிலோ காற்றிலோ ஓர் உருளையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பாய்ம இயக்கவியல் படிக்கிறவர்களுக்கு அரிச்சுவடி. வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, பாய்மத்தின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். அந்த எண் சுமார் 47-க்குக் கீழே இருக்கும்போது உருளையின் முதுகில் மேலும் கீழுமாக இரண்டு சுழல்கள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். (எண் இன்னும் சிறியதாக, 5-க்கும் கீழே போனால் சுழலே இருக்காது.) 47-ஐத் தாண்டியதும் அந்த அமைதி குலையும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சுழல்கள் முறைவைத்துக் கழன்று, ஓட்டத்தோடு வரிசையாகப் போகும். கார்மன் சுழல்வரிசை என்பது இதுதான்.

சுழல் எத்தனை முறை கழலும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. காற்றில் ரீங்கரிக்கும் கம்பிகளை ஆராய்ந்து செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-ல் அதைக் கண்டார். சுழல் நொடிக்கு எத்தனை முறை கழல்கிறது என்பதை விட்டத்தால் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரௌஹால் எண். ரெனால்ட்ஸ் எண்ணின் பரந்த ஓர் எல்லையில் அது ஏறத்தாழ 0.2-லேயே நிற்கும். அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் மேல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரவம் ஓடினால், அந்தக் கம்பி நொடிக்குச் சுமார் 100 முறை பக்கவாட்டில் இழுபட்டுத் திரும்பும். கம்பியின் இயல்பதிர்வெண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜப்பானின் மொஞ்சு அணு உலையைச் சொல்லலாம். ஃபுகுய் மாகாணம் சுருகாவில் இருந்த இந்த வேக ஈனுலையில் 1995 டிசம்பர் 8 அன்று, இரண்டாம்நிலைச் சோடியக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தெர்மோவெல், அதாவது வெப்பமானியைப் பொதிந்து வைக்கும் உறை, முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பற்றியது. காரணத்தைத் தேடிப் போனபோது சுழல்களில் வந்து நின்றார்கள். அந்த உறைக்குப் பின்னால் சுழல்கள் சமச்சீராக, ஜோடி ஜோடியாகக் கழன்றிருக்கின்றன. அதனால் உறை பக்கவாட்டில் ஆடாமல் ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் அதிர்ந்து, களைப்புற்று, விட்டம் சட்டென்று மாறும் இடத்தில் முறிந்துவிட்டது. அன்றைய வடிவமைப்பு முறைகள் முக்கியமாகப் பார்த்தது பக்கவாட்டு அதிர்வைத்தான். மொஞ்சு மறுபடி இயங்க 2010 மே வரை ஆனது. 2016 டிசம்பரில் அதை ஒரேயடியாக மூடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். தெர்மோவெல்லுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 2010-ம் ஆண்டுத் தரநெறி, ஓட்டத்திசை அதிர்வையும் சோதிக்கச் சொல்கிறது. கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையும் சோடியத்தால் குளிரூட்டப்படுவதுதான் என்பதால், இது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

ஆக, உருளைக்குப் பின்னால் சுழல் கழலுமா, எப்போது கழலும் என்பதைச் சொல்லத் தெரியாத ஒரு கணிப்பு முறையைப் பொறியாளர் கையில் எடுக்க முடியாது. புதிய சால்வர், அதாவது ஓட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், எழுதுகிறவர்கள் முதலில் இந்த உருளையில் அதை ஓட்டிப் பார்ப்பதும் இதனால்தான்.

நெட்வொர்க்குக்கு இயற்பியலை ஊட்டுவது

மாசியார் ரைசி, பாரிஸ் பெர்டிகாரிஸ், ஜார்ஜ் கார்னியாடாகிஸ் மூவரும் 2017-ல் முன்வரைவாக வெளியிட்டு, 2019-ல் ‘ஜர்னல் ஆஃப் கம்ப்யூட்டேஷனல் ஃபிசிக்ஸ்’ இதழில் அச்சேற்றிய கட்டுரைதான் இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ‘ஃபிசிக்ஸ்-இன்ஃபார்ம்டு நியூரல் நெட்வொர்க்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிஐஎன்என் என்று அழைக்கிறார்கள். யோசனை அதற்கு முன்பே இருந்தது. லகாரிஸ், லிகாஸ், ஃபோட்டியாடிஸ் என்ற கிரேக்க ஆய்வாளர்கள் 1998-லேயே நியூரல் நெட்வொர்க்கால் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்டியிருந்தார்கள். அப்போது ஜிபியுவும் இல்லை, இன்று கைக்கெட்டும் மென்பொருள்களும் இல்லை.

செயல்முறை இதுதான். நெட்வொர்க்குக்கு உள்ளே போவது ஒரு புள்ளியின் இட ஆயங்களும் நேரமும். வெளியே வருவது அந்தப் புள்ளியில் அந்த நேரத்தில் பாய்மத்தின் வேகமும் அழுத்தமும். நெட்வொர்க் என்பது கடைசியில் ஒரு நீளமான கணிதச் சார்பு, அவ்வளவுதான். எனவே அதன் வகைக்கெழுக்களைத் துல்லியமாகக் கணக்கிடலாம். படத்தை அடையாளம் காணும் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்கப் பயன்படும் அதே தானியங்கி வகையிடல் இங்கேயும் உதவுகிறது. கிடைத்த வகைக்கெழுக்களை பாய்ம ஓட்டத்தின் அடிப்படை விதியான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், சரியான தீர்வுக்கு மீதி பூஜ்யம் வர வேண்டும். வராது, ஏதோ ஒரு மீதி நிற்கும். அந்த மீதி, எல்லை நிபந்தனைகளிலிருந்து (ஓட்டப் பகுதியின் விளிம்புகளில் இருக்க வேண்டிய மதிப்புகளிலிருந்து) விலகிய அளவு, அளவீடு ஏதும் இருந்தால் அதிலிருந்து விலகிய அளவு, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அந்த எண் குறையும்படி நெட்வொர்க்கின் எடைகளைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

ஓட்டப் பகுதியைக் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டாம், அந்தக் கட்டவலை (மெஷ்) சரியாக வரவில்லை என்று ராத்திரி கண் விழிக்க வேண்டாம். பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி. மென்பொருளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும்.

இதில் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய ஒரு விஷயம் உண்டு. வழக்கமான சால்வர் காலத்தில் அடியெடுத்து நடக்கும். இந்த நொடியின் நிலையை வைத்து அடுத்த நொடியின் நிலையைக் கணக்கிடும். பிஐஎன்என் அப்படி நடப்பதில்லை. அதைப் பொறுத்தவரை நேரமும் இன்னோர் ஆயம்தான். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாக் கணங்களிலும் இருக்கும் மீதியை ஒரே சமயத்தில் குறைக்கப் பார்க்கும். நேற்று நடந்ததால்தான் இன்று இப்படி என்ற வரிசை அதன் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. பின்னால் வரும் சிக்கலில் பாதி இங்கேயிருந்து கிளம்புகிறது.

2019: பார்த்ததிலிருந்து பார்க்காததை

ரைசி குழு உருளையை எடுத்துக்கொண்டபோது ரெனால்ட்ஸ் எண் 100. முதலில் வழக்கமான உயர்துல்லிய சால்வர் ஒன்றால் ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டார்கள். பிறகு உருளைக்குப் பின்புறம் ஒரு செவ்வகப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதற்குள் வெவ்வேறு இடங்களிலும் நேரங்களிலும் 5,000 புள்ளிகளில் வேகத்தை மட்டும் நெட்வொர்க்குக்குக் கொடுத்தார்கள். கையில் இருந்த தரவில் அது 1 சதவீதம்தான் என்கிறது கட்டுரை. அழுத்தம் பற்றி ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. உருளை அந்தச் செவ்வகத்துக்கு வெளியே இருந்ததால், உருளை ஒன்று இருக்கிறது என்பதே நெட்வொர்க்குக்குத் தெரியாது.

கேட்ட கேள்வி இது: இந்த வேகங்கள் நேவியர்-ஸ்டோக்ஸ் வடிவச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை என்று வைத்துக்கொள், அதில் இரண்டு கெழுக்கள் தெரியாது, அவற்றையும் அழுத்தப் புலத்தையும் கண்டுபிடி.

கண்டுபிடித்தது. ஓட்டம் தன் வேகத்தைத் தானே சுமந்து செல்வதைக் குறிக்கும் கடத்தல் உறுப்பின், 1 என்று இருக்க வேண்டிய கெழு 0.999 என்று வந்தது, பிழை 0.078 சதவீதம். 0.01 ஆக இருக்க வேண்டிய பாகுநிலை 0.01047 என்று வந்தது, பிழை 4.67 சதவீதம். தரவில் 1 சதவீத இரைச்சலைக் கலந்த பிறகும் பிழைகள் 0.17, 5.70 என்ற அளவில்தான் நின்றன. அழுத்தப் புலமும் ஒரு மாறிலி வித்தியாசம் தவிர சரியாக வந்தது. (நேவியர்-ஸ்டோக்ஸில் அழுத்தத்தின் சரிவுதான் வருகிறது, அழுத்தம் நேரடியாக வருவதில்லை. எனவே அந்த மாறிலியைக் குறைசொல்ல முடியாது.) இத்தனையும் செய்த நெட்வொர்க், அடுக்குக்கு 20 நியூரான் வைத்த 9 அடுக்குக் குட்டி. மொத்த எடைகள் சுமார் 3,000.

பாகுநிலையில் மட்டும் பிழை ஏன் இவ்வளவு அதிகம்? என் கணிப்பு இது. ரெனால்ட்ஸ் எண் 100-ல், உருளையிலிருந்து தள்ளியிருக்கும் அந்தச் செவ்வகத்துக்குள் பாகு விசையின் பங்கு சிறியது. சின்னக் குரலில் பேசுகிறவரை நெரிசலில் கேட்பது சிரமம். தரவிலேயே பாகுநிலை பற்றிய தகவல் குறைவாக இருக்கும்போது நெட்வொர்க் எங்கிருந்து எடுக்கும்? உருளையின் பரப்பை ஒட்டிய எல்லைப்படலத்திலிருந்து சில புள்ளிகளைக் கொடுத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ‘அளவீடு’ என்று வந்தது நிஜ அளவீடு இல்லை, சிமுலேஷனிலிருந்து எடுத்தது. ஆய்வகத்தில் லேசரும் கேமராவும் வைத்து வேகத்தை அளப்பவர்கள் 1 சதவீத இரைச்சலைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இருந்தாலும் இந்த வழி நிஜத்துக்குள்ளும் போனது. 2020-ல் ரைசி, யஸ்தானி, கார்னியாடாகிஸ் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் இதன் அடுத்த கட்டத்தை வெளியிட்டார்கள். ஓட்டத்தில் கலந்த சாயமோ புகையோ எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத வேகத்தையும் அழுத்தத்தையும் மீட்பது. மூளை இரத்தநாளத்தின் வீக்கத்துக்குள் ஓடும் இரத்தத்தை மாதிரியாக்கியும் காட்டினார்கள். 2021-ல் கார்னியாடாகிஸ் குழுவினர் ஒரு எஸ்பிரெஸ்ஸோ காபிக் கோப்பையின் மேல் எழும் சூடான காற்றைப் பல கேமராக்களால் படமெடுத்து, அதிலிருந்து கிடைத்த வெப்பநிலையை வைத்துக் காற்றின் முப்பரிமாண வேகத்தையும் அழுத்தத்தையும் கணித்தார்கள். இது ஆய்வகத்தில் நிஜமாக எடுத்த அளவீடு. சி.எஃப்.டி. மென்பொருளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: எல்லை நிபந்தனை என்ன, உள்ளே வரும் காற்றின் வேகம் என்ன என்று நூறு கேள்வி கேட்கும். பிஐஎன்என் அவற்றைக் கேட்காமல், இருக்கும் அளவீட்டை வைத்துக்கொண்டு மீதியைச் சமன்பாட்டால் நிரப்புகிறது. இதைப் பெரிய சாதனை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

2022: தரவை எடுத்துவிட்டால்

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பை-யூ சுவாங், லொரேனா பார்பா இருவரும் கேட்டது வேறு. அளவீடே இல்லை. சமன்பாடு, எல்லை நிபந்தனை, தொடக்க நிபந்தனை மட்டும்தான். அதாவது வழக்கமான சால்வருக்குக் கொடுப்பதை மட்டும் கொடுத்தால் பிஐஎன்என் அதன் வேலையைச் செய்யுமா? பார்பா சி.எஃப்.டி. கற்பித்தலில் உலகம் முழுக்கத் தெரிந்தவர். நேவியர்-ஸ்டோக்ஸைப் பன்னிரண்டு படிகளில் பைத்தானில் எழுதவைக்கும் அவருடைய பாடத்தில் கை பழகியவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். சுவாங்கும் பார்பாவும் தங்கள் அறிக்கைக்கு வைத்த தலைப்பிலேயே இடறுகுழிகள், விரக்திகள் என்ற சொற்கள் இருக்கின்றன. ஆய்வுலகில் இப்படி ஒரு தலைப்பைப் பார்ப்பது அபூர்வம்.

முதலில் எளிய சோதனை: டெய்லர்-கிரீன் சுழல், ரெனால்ட்ஸ் எண் 100. தாளில் எழுதிவிடக்கூடிய துல்லியமான தீர்வு உள்ள ஓட்டம் இது. சுழல்கள் அதே இடத்தில் இருந்தபடி மெல்ல மெல்ல அடங்கும். பிஐஎன்என் இதைத் தீர்த்தது, விடையும் ஏற்கத்தக்கதாக இருந்தது. ஆனால் 16-க்கு 16 கட்டம் போட்ட ஒரு சாதாரண வேறுபாட்டுமுறைக் கணக்கின் துல்லியத்தை எட்ட அதற்குச் சுமார் 32 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அந்தச் சாதாரணக் கணக்கு முடிய 20 நொடிகூட ஆகவில்லை.

அந்த விகிதம் ஐயாயிரம் மடங்குக்கு மேல். வேகத்தை மட்டும் வைத்து ஒரு முறையை ஒதுக்கிவிட முடியாது, நாளைக்கு வன்பொருள் மாறலாம். அடுத்த சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரெனால்ட்ஸ் எண் 200-ல் உருளை. இந்த எண்ணில் சுழல்கள் கழன்றே ஆக வேண்டும். பெட்-ஐபிஎம் என்ற வழக்கமான சால்வரில் கழன்றன. பிஐஎன்என்னில் கழலவில்லை. உருளைக்குப் பின்னால் இரண்டு சுழல்கள் சமச்சீராக, அமைதியாக, 47-க்குக் கீழே இருப்பதுபோல நின்றன. காலம் மாறும் ஓட்டத்துக்கான சமன்பாட்டைத்தான் கொடுத்தார்கள். நெட்வொர்க்கோ நிலையான ஓட்டத்தைத் தீர்க்கும் சால்வர்போல நடந்துகொண்டது. பயிற்சியில் எங்கும் அபாய மணி அடிக்கவில்லை என்பதுதான் பொறியாளருக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி. சால்வர் தவறாகப் போனால் பெரும்பாலும் எண்கள் வெடித்துச் சிதறி நமக்குத் தெரிந்துவிடும். இங்கே வந்தது வழுவழுப்பான, பார்க்க அழகான, தவறான விடை.

அது ஒருவகையில் சரியான விடை

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 200-லும் சமச்சீரான, அசையாத ஓட்டம் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வுதான். அதைப் போட்டாலும் மீதி பூஜ்யம் வரும். ஆனால் அது நிலைத்து நிற்காத தீர்வு. துளி சமச்சீர்மை பிசகினாலும் அந்தப் பிசகு வளர்ந்து வளர்ந்து சுழலாகக் கழலும். இயற்கையில் பிசகுக்குப் பஞ்சமில்லை. கணினியிலும் இல்லை, எண்களை முழுமையாக்கும்போது விடும் பதினாறாவது தசமத் தவறே போதும், காலத்தில் அடியெடுத்து நடக்கும் சால்வர் அதைப் படிப்படியாகப் பெருக்கிக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை பாய்வியல் வரலாற்றிலேயே இருக்கிறது. 1911-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில், பாய்வியல் பேராசிரியர் பிராண்ட்லின் மாணவர் ஹீமென்ஸ், நீர்த் தொட்டியில் உருளையை நிறுத்தி அதன்மேல் அழுத்தத்தை அளக்க முயன்றார். ஓட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமில்லை என்றார்கள். இழைத்து இழைத்து வட்டமாக்கினார். தொட்டி சமச்சீராக இல்லை என்றார்கள்; அதையும் திருத்தினார். ஆட்டம் நிற்கவில்லை. அங்கே உதவியாளராக இருந்த கார்மன் தினமும் காலையில் ஓட்டம் அடங்கியதா என்று கேட்பாராம், இல்லை என்ற பதில்தான் வருமாம். சரி, இது கருவியின் குறை இல்லை, ஓட்டத்தின் இயல்பு என்று கார்மன் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் வந்ததுதான் சுழல்வரிசைக் கோட்பாடு. ஹீமென்ஸால் நிறுத்த முடியாத ஆட்டத்தை ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு நெட்வொர்க்கால் தொடங்க முடியவில்லை.

அப்படியென்றால் தொடங்கி வைத்தால் போதுமே? சமச்சீர்தான் பிரச்சினை என்றால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தைக் கொடுத்துத் தொடரச் சொன்னால் தொடர வேண்டும். சுவாங்கும் பார்பாவும் 2023-ல் அதையும் செய்து பார்த்தார்கள். சுழல்கள் நன்றாகக் கழன்றுகொண்டிருக்கும் ஒரு கால இடைவெளிக்கு வழக்கமான சால்வரின் தரவைக் கொடுத்தார்கள். அந்த இடைவெளிக்குள் பிஐஎன்என்னும் அழகாகச் சுழல்களைக் கழற்றியது. தரவு நின்ற இடத்துக்கு அப்பால், சமன்பாட்டை மட்டும் நம்பி நடக்க வேண்டிய காலத்தில், சுழல்கள் மங்கி, ஓட்டம் மறுபடி அந்த அசையாத நிலைக்கே திரும்பிவிட்டது.

முதல் விளக்கத்தை இந்தச் சோதனை பாதி உடைத்துவிடுகிறது. ஆடிக்கொண்டிருக்கும் ஓட்டத்திலிருந்து தொடங்கினால் அசையாத நிலைக்குத் திரும்புவது எந்த வகையிலும் சமன்பாட்டின் தீர்வு ஆகாது. இயற்கை அப்படிச் செய்யாது. ஆகவே நெட்வொர்க்கின் உள்ளேயே ஆட்டத்தை விழுங்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஓட்டத்தை அடிப்படை அலைவுகளாகப் பிரித்துப் பார்த்து அவர்கள் சொன்னது: பிஐஎன்என் அலைகளின் வீச்சையும் குறைக்கிறது, அலைகள் ஓடும் வேகத்தையும் குழப்புகிறது. காரணம் நியூரல் நெட்வொர்க்குகளுக்கே உரிய ஒரு சாய்வாக இருக்கலாம் என்கிறார்கள். மெதுவாக மாறும் வடிவங்களை நெட்வொர்க் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், வேகமாக ஏறியிறங்கும் வடிவங்களைக் கடைசியில்தான், அதுவும் அரைகுறையாகக் கற்கும். இது பாய்வியலுக்கு வெளியேயும் பலர் கண்ட குணம். அசையாத ஓட்டம் நேரத்தில் மாறவே மாறாதது. அதைவிட எளிதாகக் கற்க என்ன இருக்கிறது? மீதியைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தால் எல்லா இடத்திலும் சின்னதுதான். அந்தச் சின்ன மீதிகள் காலப்போக்கில் சேர்ந்து ஆட்டத்தையே கொன்றுவிட்டன என்பது கூட்டுத்தொகையில் தெரியாது.

உருளையைவிட எளிய சமன்பாடுகளிலும் இதே மாதிரி நடப்பதை 2021-ல் கிருஷ்ணப்ரியன் குழுவினர் காட்டியிருந்தார்கள். ஒரு அலை வடிவம் மாறாமல் நகர்ந்து போகும் ஒற்றைப் பரிமாணக் கணக்கு. கல்லூரி இரண்டாம் ஆண்டில் கையால் போடுவது. அலையின் வேகத்தைக் கூட்டினால் பிஐஎன்என் தடுமாறிவிடுகிறது. நெட்வொர்க்கின் அளவு போதவில்லை என்பது காரணம் இல்லை. சரியான விடையைத் தாங்கும் திறன் அதற்கு இருக்கிறது, பயிற்சி அந்த விடைக்குப் போய்ச் சேரும் பாதைதான் கரடுமுரடாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

மருந்து

ஆய்வாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. பெர்டிகாரிஸ் குழுவே 2022-ல் ஒரு திருத்தத்தை முன்வைத்தது: முந்தைய கணங்களின் மீதி குறையும் வரை பிந்தைய கணங்களின் மீதியைக் கணக்கில் சேர்க்காதே. அதாவது காரணம் முதலில், விளைவு பிறகு என்ற வரிசையை மீதிகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் அந்த இழப்புக் கணக்கிலேயே எடையாக வைப்பது. காலத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகப் பயிற்சி கொடுத்து முன்னேறுவதும் உண்டு. இவற்றால் முன்பு தீராத பல கணக்குகள் தீர்ந்தன, குழப்பமாக ஆடும் சில ஓட்டங்கள் உட்பட.

எனக்கு இதில் ஒரு சின்னச் சிரிப்பு. காலத்தில் அடியெடுத்து நடக்க வேண்டாம் என்பதுதானே ஆரம்பக் கவர்ச்சி. சுற்றி வந்து நடக்கவே கற்றுக்கொடுக்கிறார்கள். நடக்கத்தான் வேண்டும் என்றால் ஐம்பது வருடமாக நடந்து பழகிய சால்வரே இருக்கிறதே என்று யாராவது கேட்டால், தரவு இல்லாத நேரடிக் கணக்கைப் பொறுத்தவரை என்னிடம் மறுப்பு இல்லை. வடிவமோ வேகமோ மாறினால் பிஐஎன்என்னைப் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் கணக்கை ஆயிரம் முறை செய்ய வேண்டியவர்களுக்கு நியூரல் ஆபரேட்டர்கள் என்று வேறொரு குடும்பம் இருக்கிறது. அதற்கு முதலில் சால்வரை ஓட்டி ஏராளமான தரவு சேர்க்க வேண்டும். அது தனிக் கதை.

அளவீடு கொஞ்சம் கையில் இருக்கிறது, எல்லை நிபந்தனை முழுசாகத் தெரியாது, ஏதோ ஒரு கெழுவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கணக்கு தலைகீழ். அங்கே வழக்கமான சால்வரை நூற்றுக்கணக்கான முறை ஓட்டி ஊகத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். பிஐஎன்என்னுக்கு அது ஒரே பயிற்சி. தரவு இருக்கும் வரை சுழல் கழன்றது, தரவு நின்றதும் கழலவில்லை என்ற 2023-ன் முடிவும், 2019-ன் வெற்றியும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 2019-ல் செவ்வகம் முழுவதும், கேட்ட காலம் முழுவதும் புள்ளிகள் விரவியிருந்தன. நெட்வொர்க் பார்த்த பகுதிக்குள்தான் இடைவெளிகளை நிரப்பியது, பார்க்காத எதிர்காலத்துக்குப் போகவில்லை.

எதோடு ஒப்பிட்டார்கள்?

2024-ல் நிக் மெக்ரீவி, அம்மார் ஹக்கீம் என்ற பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ‘நேச்சர் மெஷின் இன்டலிஜென்ஸ்’ இதழில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். பாய்மம் சார்ந்த சமன்பாடுகளைத் தீர்ப்பதில் வழக்கமான முறைகளை இயந்திரக் கற்றல் வென்றுவிட்டது என்று சொல்லும் 76 கட்டுரைகளை எடுத்துப் பார்த்ததில், 60 கட்டுரைகள், அதாவது 79 சதவீதம், சோப்ளாங்கியான எதிராளியோடு ஒப்பிட்டிருந்தன. அவர்கள் வைத்த விதிகள் இரண்டுதான். ஒரே துல்லியத்தில் நேரத்தை ஒப்பிடு, அல்லது ஒரே நேரத்தில் துல்லியத்தை ஒப்பிடு. எதிராளியாக நிறுத்தும் வழக்கமான முறை அந்தக் கணக்குக்குத் திறமையானதாக இருக்கட்டும். இத்தோடு, தோற்ற முயற்சிகள் அச்சேறுவதில்லை என்ற குறையையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

மூன்றாண்டு முதுநிலை ஆய்வில் ஒரு மாணவர் பிஐஎன்என்னோடு போராடித் தோற்றால் அது ஆய்வேட்டின் பின்னிணைப்பில்கூட வராது. அடுத்த மாணவர் அதே குழியில் விழுவார். சுவாங், பார்பா அறிக்கையின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. மெக்ரீவியின் விதிகளை அதன்மேலேயே வைத்துப் பார்த்தேன். 32 மணி நேரத்துக்கும் 20 நொடிக்குமான ஒப்பீடு ஒரே துல்லியத்தில் செய்யப்பட்டது. முதல் விதி நிறைவேறுகிறது. இரண்டாவது விதியில் வேண்டுமானால் குறை சொல்லலாம்: எதிராளி இரண்டாம் படித் துல்லியமுள்ள சாதாரண வேறுபாட்டுமுறைதான். டெய்லர்-கிரீன் போன்ற வழுவழுப்பான, திரும்பத் திரும்ப வரும் ஓட்டத்துக்கு ஃபூரியர் அலைகளை வைத்துக் கணக்கிடும் முறைகள் அதைவிட எவ்வளவோ வேகமானவை. அந்த எதிராளியை நிறுத்தியிருந்தால் இடைவெளி இன்னும் அகன்றிருக்கும்.